குரலுக்கு அடியில் ஓர் இரைச்சல்

மட்டாஞ்சேரி
9 ஜூன் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

சங்கரி எழுதுவது. இங்கே நான், சுஜித், அம்ருதா, அப்பா நால்வரும் மழையோடு மழையாக இருக்கிறோம். நீ வேளைக்குச் சாப்பிட்டு, உறங்கி, நன்றாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

முகவரி எப்படிக் கிடைத்தது என்று யோசிப்பாய். உன்னோடு கச்சேரிகளுக்கு ஒலி பார்த்த சங்கர்ராம் போன மாதம் திருப்பூணித்துறையில் ஒரு கல்யாணத்துக்கு மைக்செட் போட வந்திருந்தார். "அவன் போன் எடுக்க மாட்டான், கடுதாசி போட்டுப் பாருங்க" என்று சொல்லி அவர்தான் எழுதித் தந்தார். அம்மா போய் நாலு வருஷம் ஆயிற்று அண்ணா. அன்று வாசலில் வைத்து அப்பா உன்னிடம் சொன்னதை நானும் மறக்கவில்லை. அதைப் பற்றி எழுத இதைத் தொடங்கவில்லை.

எனக்கு ஒரு வேலை கிடைத்திருக்கிறது. பெங்களூர்க் கம்பெனி ஒன்றுக்குக் குழந்தைக் கதைகளை மலையாளத்திலும் தமிழிலும் வாசித்துப் பதிவு செய்து அனுப்ப வேண்டும். வீட்டை விட்டு இறங்க வேண்டாம், அதனால்தான் ஒத்துக்கொண்டேன். அம்மாவின் பழைய அடுக்களையைப் பதிவு அறை ஆக்கியிருக்கிறேன். மைக் அவர்களே அனுப்பினார்கள். ஆனால் முதல் ஆறு கதைகளும் திரும்பி வந்துவிட்டன. "குரலுக்கு அடியில் ஓர் இரைச்சல் இருக்கிறது" என்று எழுதியிருக்கிறார்கள். அம்ருதாவின் ஹெட்போனில் கேட்டால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நல்ல ஸ்டுடியோ மானிட்டர் ஒரு ஜோடி வாங்கிக் கேளுங்கள் என்கிறார்கள். கம்ப்யூட்டரில் பார்த்தேன். ஐந்து இன்ச், எட்டு இன்ச், முன்னால் துளை, பின்னால் துளை. தலை சுற்றுகிறது. நம் வீட்டில் சத்தம் தெரிந்தவன் நீ ஒருத்தன்தானே.

அப்பாவுக்கு இருமல் உண்டு, மற்றபடி குழப்பமில்லை. நான் எழுதுவது அவருக்குத் தெரியாது.

எனக்கு மலையாளத்தில்தான் கை ஓடுகிறது. பிழை இருந்தால் சிரித்துக்கொள்.

உன் தங்கை,
சங்கரி

*

அம்பத்தூர்
24 ஜூன் 2024

அன்புத் தங்கை சங்கரிக்கு,

உன் கையெழுத்தை உறையில் பார்த்ததும் படியிலேயே வைத்துப் பிரித்தேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. மாப்பிள்ளை சுஜித் இன்னும் பஸ்ஸிலேயே இருக்கிறாரா? அம்ருதா எத்தனாம் வகுப்பு? எழுது.

முதலில் ஒரு விஷயம். போனில் பேச முயற்சி செய்யாதே. ஸ்டுடியோவுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. வெளியே வந்தால் எனக்குப் பேசத் தெம்பிருக்காது. வாட்ஸ்அப்பும் வைத்துக்கொள்வதில்லை. கடிதமே போதும். எழுதினால் நிதானமாகச் சொல்லலாம்.

இனி உன் மானிட்டர். பாட்டுக் கேட்க விற்கிற ஸ்பீக்கர் வேறு, இது வேறு. அது எதைப் போட்டாலும் இனிப்புத் தடவிக் கொடுக்கும். இது உள்ளதை உள்ளபடி காட்டும். உன் வாசிப்பை முதல் தடவை இதில் கேட்டால் உனக்கே பிடிக்காது, பயந்துவிடாதே.

எட்டு இன்ச் வாங்காதே. அம்மாவின் அடுக்களை பத்தடிக்கு எட்டடிகூட இருக்காது. அதில் பெரிய ஸ்பீக்கர் வைத்தால் கனத்த சத்தமெல்லாம் மூலையில் தேங்கிக் குழம்பும். ஐந்து இன்ச் தாராளம். கை நீட்டினால் தொடும் தூரத்தில் உட்கார்ந்து கேட்பதற்கென்றே செய்தவை அவை. ஆம்ப்ளிஃபையர் பெட்டிக்குள்ளேயே இருக்கும் வகையாகப் பார், தனி ஆம்ப் வேண்டாம். சுவரை ஒட்டித்தான் மேசை போட முடியும் என்றால் துளை முன்னால் இருக்கிற ஜோடியாக எடு. பின்னால் துளை இருந்தால் காற்று சுவரில் மோதி 'பும்' என்று வீங்கும்.

கடைக்காரர் அவர் பாட்டைப் போட்டுக் காட்டுவார். கேட்காதே. உன் குரல் பதிவைக் கொண்டுபோ. சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேள். எல்லா ஸ்பீக்கரும் உரக்க வைத்தால் நன்றாகத்தான் இருக்கும். அப்புறம் ஒன்றும் ஓடாதபோது மேலே இருக்கிற சின்ன ட்வீட்டரிடம் காதை வைத்துப் பார். 'ஸ்ஸ்' என்று இரைகிறதா? இரைச்சலைத் தேடத்தான் வாங்குகிறாய். அதுவே இரைந்தால் என்ன பிரயோஜனம்?

ஆறு இடத்தில் 'ற' போட வேண்டிய இடத்தில் 'ர' போட்டிருக்கிறாய். சிரித்தேன். ரொம்ப நாள் கழித்து.

அன்புடன்,
மாரிச்செல்வம்

*

மட்டாஞ்சேரி
14 ஜூலை 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். இங்கே எல்லோரும் காய்ச்சலில்லாமல் இருக்கிறோம். இந்த மழைக்கு அதுவே பெரிது. அம்ருதா நாலாம் வகுப்பு. சுஜித் அதே பள்ளுருத்தி பஸ்தான், அதே கண்டக்டர் பை.

போன ஞாயிறன்று நானும் சுஜித்தும் எறணாகுளம் போனோம். பக்கத்து வீட்டுக் கமலாக்ஷிச் சேச்சியை அப்பாவோடு இருத்திவிட்டுப் போனேன். கடையில் தங்கதுரை என்று ஒரு நாகர்கோவில்காரர். நான் தமிழில் பேசியதும் நாற்காலி இழுத்துப் போட்டார். முதலில் எட்டு இன்ச்சைத்தான் ஓடவிட்டார். கடைக் கண்ணாடியே அதிர்ந்தது. சுஜித் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "எடி, இது மதி. பூரத்துக்கே வைக்காம்" என்றார். பூரத் திருவிழாவுக்கே இது போதுமாம்!

நான் பென்டிரைவை நீட்டினேன். "என் குரலைப் போடுங்க, மெதுவா" என்றேன். தங்கதுரை என்னை ஒரு மாதிரி பார்த்து, "சேச்சிக்கு யாரு சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டார். "என் அண்ணன். மெட்ராஸ்ல சவுண்ட் இன்ஜினியர்" என்றேன். அப்படிச் சொன்னபோது எனக்கு எப்படி இருந்தது தெரியுமா?

நீ சொன்னபடியே காதை ஒட்டிக் கேட்டேன். ஒரு ஜோடி நன்றாகவே இரைந்தது, அதை விட்டுவிட்டேன். இப்போது இரண்டு ஜோடி மிச்சம். கறுப்பில் முன்னால் துளை. என் குரல் கொஞ்சம் வறண்டு கேட்கிறது. இன்னொன்று பின்னால் துளை. அதில் என் குரல் பட்டுப்போல இருக்கிறது. எனக்கு இரண்டாவதுதான் பிடித்தது. சுஜித்துக்கும். நீ சொல். இப்போது உன் ஸ்டுடியோவில் நீ எதில் கேட்கிறாய்?

வீட்டுக்கு வந்ததும் அப்பா, "யாருக்குடி கடுதாசி போடுத?" என்று கேட்டார். கம்பெனிக்கு என்றேன். "கம்பெனிக்காரன் அம்பத்தூர்லயா இருக்கான்?" என்றார். உறையை மேசையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறேன், அதைப் பார்த்திருக்கிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள் அண்ணா.

சங்கரி

*

அம்பத்தூர்
2 ஆகஸ்ட் 2024

அன்புத் தங்கைக்கு,

உங்கள் எல்லோருடைய நலமும் அறிந்தேன். நான் பழைய மாதிரியே இருக்கிறேன்.

வறண்டு கேட்கிறதையே வாங்கு. பட்டுப்போல இருக்கிறது என்று எழுதினாயே, அந்தப் பட்டுக்குள் உன் இரைச்சல் ஒளிந்துகொள்ளும். பிடித்தது வேண்டாம், தெரிய வைப்பது வேண்டும்.

வைக்கிற விதம் பாதி வேலை. இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே எவ்வளவு தூரமோ, அதே தூரம் உன் தலைக்கும் ஒவ்வொன்றுக்கும். ட்வீட்டர் உன் காது உயரத்தில். மேசை தாழ்வாக இருந்தால் அடியில் செங்கல் வைத்து, மேலே பழைய செருப்பு ரப்பரை வெட்டிப் போடு. நேரே மூலையில் வைக்காதே. பின்னால் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், சுவர் பக்கம் இருந்தால் அடிச்சத்தத்தைக் குறைக்க. அதைத் தட்டிவிடு. எதிர்ச் சுவரில் மெத்தையோ கனமான போர்வையோ தொங்கவிடு.

இரைச்சல் கேட்டால் முதலில் எர்த்தைச் சந்தேகப்படு. கம்ப்யூட்டர், மைக் பெட்டி, ஸ்பீக்கர் எல்லாவற்றையும் ஒரே பிளக் பலகையில் செருகு. அப்படியும் போகாவிட்டால் வீட்டில் ஓடுகிற ஒவ்வொன்றையும் அணைத்து அணைத்துக் கேள். ஃபேன், டியூப்லைட், மோட்டார். எதை அணைத்ததும் நிற்கிறதோ அதுதான்.

நான் எதில் கேட்கிறேன் என்று கேட்டாய். ஸ்டுடியோவில் என்ன இருக்கிறதோ அதில்தான்.

அப்பா வேறு ஏதாவது கேட்டாரா?

மாரிச்செல்வம்

*

மட்டாஞ்சேரி
1 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

ஓணத்துக்கு முந்திய நெரிசலில் இருந்து எழுதுகிறேன். நாங்கள் சுகம். நீயும் அப்படியே இரு.

வறண்ட ஜோடியையே வாங்கிவிட்டேன். சுஜித் இரண்டு பெட்டியையும் பஸ்ஸில் டிரைவர் பக்கத்தில் வைத்து, யாரையும் தொட விடாமல் கொண்டுவந்தார். செங்கல், செருப்பு ரப்பர், சுவரில் மெத்தை எல்லாம் நீ சொன்னபடி. வீட்டுக்குக் கீழே இருக்கிற சுக்குக் கிடங்கில் இருந்து இரண்டு சாக்கு வாங்கித் தொங்கவிட்டேன். அறை முழுக்கச் சுக்கு வாசம்.

முதல் முறை என் பதிவைப் போட்டதுமே கேட்டுவிட்டது. இவ்வளவு நாள் எங்கே ஒளிந்திருந்தது அது? ஒவ்வொரு சொல்லுக்கும் அடியில் 'உர்ர்ர்' என்று ஒன்று. நடுநடுவே 'தக்' என்று ஒரு தட்டல். ஃபேனை அணைத்தேன், டியூப்லைட்டை அணைத்தேன். போகவில்லை. கடைசியில் கண்டுபிடித்தேன். அடுத்த அறையில் இருக்கிற ஃப்ரிட்ஜ். அதை அணைத்ததும் நின்றது.

இப்போது அதைப் பத்துப் பத்து நிமிஷம் அணைத்து வைத்துப் பதிவு செய்கிறேன். அதற்கு மேல் அணைக்க முடியாது. நாலு கதைகளைக் கம்பெனி எடுத்துக்கொண்டது. உன்னால்தான்.

அப்பா கேட்டார். "மாரி என்ன எழுதறான்?" என்று பேர் சொல்லியே கேட்டார். நாலு வருஷத்தில் முதல் தடவை. ஸ்பீக்கர் பற்றி எழுதுகிறான் என்றேன். "அவன் அதைத்தான் எழுதுவான்" என்றார். கோபமில்லை அண்ணா, சிரித்த மாதிரிதான் இருந்தது.

சங்கரி

*

அம்பத்தூர்
19 செப்டம்பர் 2024

அன்புத் தங்கைக்கு,

நலம். உன் கடிதம் எனக்கு ஓணப் புடவை மாதிரி. எனக்கு யார் புடவை தருவார்கள் என்று சிரிக்காதே, சந்தோஷத்தில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

'உர்ர்' என்பதும் 'தக்' என்பதும் சரியாகவே பிடித்திருக்கிறாய். உனக்கு நல்ல காது. ஆனால் ஃப்ரிட்ஜை இப்படி அடிக்கடி அணைத்துப் போடாதே, கெட்டுப்போகும். பத்து நிமிஷக் கணக்கு எதற்கு? அணைத்தால் முக்கால் மணி நேரம் அணைத்தே வை. உள்ளே இருக்கிற பாலுக்கு ஒன்றும் ஆகாது. ஒரே மூச்சில் ஒரு கதையை வாசித்து முடித்தால்தான் குரல் ஒரே மாதிரி வரும்.

அப்பா என் பேரைச் சொன்னார் என்று எழுதிய வரியைக் கத்தரித்துப் பர்ஸில் வைத்திருக்கிறேன்.

மாரிச்செல்வம்

*

மட்டாஞ்சேரி
8 அக்டோபர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் இருக்கிறோம். நீ எப்படி?

இதோடு ஒரு பென்டிரைவ் வைத்திருக்கிறேன். ஒரே ஒரு பதிவுதான், நாலு நிமிஷம். என்ன பதிவு என்று எழுத மாட்டேன், எழுதக் கூடாது என்று எனக்குச் சொல்லியிருக்கிறது. உன் ஸ்டுடியோவில் நல்ல ஸ்பீக்கரில் போட்டு முழுக்கக் கேள். கேட்டதும் அன்றைக்கே எழுது. இரண்டு வரி போதும். தாமதிக்காதே அண்ணா. இது ஒன்று மட்டும் கேட்கிறேன்.

சங்கரி

*

அம்பத்தூர்
26 அக்டோபர் 2024

அன்புத் தங்கைக்கு,

நலமா? இங்கே மழை, வேலை இரண்டும் அதிகம். அதனால்தான் சற்றுத் தாமதம்.

பதிவைக் கேட்டேன். முழுவதும் கேட்டேன். ரொம்பச் சுத்தமாக இருக்கிறது. ஃப்ரிட்ஜின் சுவடே இல்லை. நிறுத்தி நிதானமாக வாசித்திருக்கிறாய், குழந்தைகளுக்கு அப்படித்தான் வேண்டும். சில இடங்களில் இடைவெளி கொஞ்சம் நீண்டுவிட்டது, அங்கே வெட்டிச் சுருக்கலாம். இரண்டு மூன்று இடத்தில் மூச்சு மைக்கில் மோதுகிறது. மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் லேசாகத் திருப்பி வை. முடிவில் சத்தம் ரொம்பத் தாழ்ந்துபோகிறது, கடைசி வரிகளை இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும்.

உன் குரல் அம்மாவின் குரல் மாதிரியே ஆகிவிட்டது.

நல்ல வேலை. தொடர்ந்து செய்.

மாரிச்செல்வம்

*

மட்டாஞ்சேரி
17 டிசம்பர் 2024

மாரிச்செல்வத்துக்கு,

நலம் விசாரிக்க எனக்கு மனமில்லை.

அப்பா போய்விட்டார். நவம்பர் முப்பதாம் தேதி, காலை சாயா குடித்துவிட்டு டம்ளரை என் கையில் தந்தார், அவ்வளவுதான். பதினாறாம் நாள் காரியமும் முடிந்தது. கொள்ளி வைத்தது சுஜித். சங்கர்ராமிடம் சொல்லியிருந்தால் அவர் யாரையாவது அம்பத்தூருக்கு அனுப்பியிருப்பார். நான் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. அம்மாவுக்கு வராதவன் அப்பாவுக்கும் வர வேண்டாம் என்று நினைத்தேன்.

அந்தப் பதிவில் இருந்தது என் குரல் இல்லை. அப்பாவின் குரல். உன்னிடம் பேசியிருக்கிறார். ஸ்பீக்கர் வந்த நாளில் இருந்து அந்த அறை வாசலில் வந்து நின்று நின்று பார்ப்பார். ஒரு நாள் மத்தியானம், "இதுல நான் பேசினா மாரிக்குப் போகுமா?" என்று கேட்டார். நாலு நிமிஷம் பேச அவருக்கு ஒரு பகல் பிடித்தது. அதை நீ கேட்டுவிட்டு, மைக்கைத் திருப்பி வை என்று எழுதினாய். இடைவெளியை வெட்டு என்று எழுதினாய். அம்மாவின் குரலாம். மனுஷன்தானா நீ? மன்னிக்க மனமில்லை என்றால் இல்லை என்று எழுதியிருக்கலாமே. அந்தக் கேலி எதற்கு?

தினமும் தபால்காரர் வரும் நேரத்துக்கு ஜன்னல் பக்கம் நாற்காலியை நகர்த்தச் சொல்வார். உன் கடிதம் வந்த அன்று, "என்ன எழுதிருக்கான் மோளே?" என்றார். எனக்குப் பொய் வாயில் வரவில்லை. "சத்தம் சுத்தமா இருக்குன்னு எழுதிருக்கான்பா" என்றேன். "வேற?" என்றார். வேறு ஒன்றும் இல்லை என்றேன். "சரி. சத்தம் சுத்தமா இருக்குல்லா" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். அப்புறம் ஜன்னலுக்கு வரவில்லை.

இனி என் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஃப்ரிட்ஜ் என்று எழுதியது பொய். அது அப்பாவின் ஆக்ஸிஜன் மெஷின். ஒரு வருஷமாக நுரையீரல் தடித்துப்போய், மூக்கில் குழாயோடுதான் இருந்தார். பரிதாபப்பட்டு நீ வரக் கூடாது, தானாக வர வேண்டும், அதனால் எழுதாதே என்று சத்தியம் வாங்கியிருந்தார். இரைச்சல் அதிலிருந்துதான் என்று தெரிந்த அன்று நான் இந்த வேலையே வேண்டாம் என்றேன். அவர்தான், "பத்து நிமிஷம் நான் தாங்குவேன், நீ வாசி" என்று தானே சுவிட்சை அணைத்தார். நான் இந்தப் பக்கம் முயலையும் ஆமையையும் பற்றி வாசிப்பேன். அவர் அந்தப் பக்கம் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நீ முக்கால் மணி நேரம் என்று எழுதியதைச் சிரித்துக்கொண்டே அவரிடம் சொல்லிவிட்டேன். "அவன் சொன்னா சரியா இருக்கும்" என்று இருபது நிமிஷம் இருந்து பார்த்தார். நானும் விட்டேன். கதை பாதியில் இருந்தது. போய்ப் பார்த்தபோது உதடு நீலமாக இருந்தது.

அதற்கும் அவர் போனதற்கும் சம்பந்தமில்லை என்கிறார் டாக்டர். அவருக்கு என்ன தெரியும்?

இனி எழுதாதே.

சங்கரி

*

அம்பத்தூர்
27 டிசம்பர் 2024

சங்கரி,

எழுதாதே என்றாய். இது ஒன்றை மட்டும் வாசி.

எனக்குக் காது கேட்காது.

வலது காது மூன்று வருஷத்துக்கு முன்பு போனது. இடது காது போன வருஷம் தீபாவளிக்கு மறுநாள் எழுந்தபோது இல்லை. இருபது வருஷம் ஆளுயர ஸ்பீக்கர்களுக்கு நடுவில் நின்றதற்கு இது வரும் என்று டாக்டர் படம் போட்டுக் காட்டினார். கருவி வைத்தால் தகரத்தில் கல் உருட்டுகிற மாதிரி ஏதோ வருகிறது, சொல் வருவதில்லை. ஸ்டுடியோவில் நான் இல்லை. ஒரு கூரியர் கிடங்கில் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டுகிறேன். போன் வேண்டாம் என்றது அதனால்தான். வாட்ஸ்அப்பில் இருந்தால் நீ குரலில்தான் செய்தி அனுப்புவாய்.

உனக்கு நான் எழுதியதெல்லாம் நினைவில் இருந்து எழுதியது. அது பொய் இல்லை. எழுதும்போது மட்டும் எனக்கு அந்த அறை கேட்டது.

உன் பென்டிரைவை ஒரு பிரவுசிங் சென்டரில் போட்டேன். திரையில் சத்தம் கோடாக ஓடுமே, அதைப் பார்த்துத்தான் எழுதினேன். இரண்டு சொல், பிறகு நீளமாக ஒன்றுமில்லை. மறுபடி இரண்டு சொல். நீ நிறுத்தி வாசிக்கிறாய் என்று நினைத்தேன். அது அப்பா மூச்சுக்குத் தவித்த இடம். கிடங்கில் யாரிடமாவது கொடுத்து, கேட்டு எழுதித் தரச் சொல்லியிருக்கலாம். உன் கதைதானே என்று விட்டுவிட்டேன்.

ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். அம்மா கடைசியாக என்னைக் கூப்பிட்டபோது நான் மதுரையில் கச்சேரி மேசையில் போனை அணைத்து வைத்திருந்தேன். மறுநாள் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வாசலில் தெருவே நிற்க அப்பா என்ன சொன்னார்? "உங்கம்மா கூப்பிட்ட சத்தம் உன் காதுல விழலல்லா? இனி என் சத்தமும் உன் காதுல விழாதுலே. போ." காது போனதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை, எனக்குத் தெரியும். ஆனால் அப்பா நம்புவாரா? தன் வாக்குதான் பலித்துவிட்டது என்று தலையில் அடித்துக்கொண்டே செத்துப்போவார் என்று பயந்தேன். அவருக்குத் தெரியாமல் இருந்தால் போதும் என்று நினைத்தேன். அவர் ஜன்னலில் உட்கார்ந்து காத்திருப்பார் என்று நினைக்கவில்லை.

முக்கால் மணி நேரம் என்று எழுதியவன் நான். அந்தப் பங்கை நீ எடுத்துக்கொள்ளாதே.

ஒன்று கேட்கிறேன். உனக்கு மனமிருந்தால் செய். அப்பா அதில் என்ன சொன்னார் என்று எழுதி அனுப்பு. ஒரு சொல் விடாமல். எங்கே நிறுத்தினார், எங்கே இருமினார், எப்படிச் சொன்னார் என்பதையும் எழுது. எனக்குள் அப்பாவின் குரல் என்று இருப்பது அந்த வாசல் குரல் ஒன்றுதான். நீ எழுதாவிட்டால் மற்ற எல்லாவற்றையும் அந்தக் குரலிலேயே நினைத்துக்கொண்டிருப்பேன்.

மாரி

*

மட்டாஞ்சேரி
19 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதத்தை இரண்டு நாள் திரும்பத் திரும்ப வாசித்தேன். அப்புறம் சுஜித் வாசித்துவிட்டு, அந்த அறைக் கதவைத் திறந்து விளக்குப் போட்டார். உன்னைப் பற்றி நான் எழுதியவற்றைத் திரும்ப எடுக்க எனக்கு வழி தெரியவில்லை. எழுதிவிட்டேன். எனக்கு உடம்பு சுகம். உன்னிடம் இனி எப்படி இருக்கிறாய் என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

கம்பெனி வேலையை விட்டுவிட்டேன். இதை எழுதத்தான் ஸ்பீக்கரைத் திரும்பப் போட்டேன். ஒரு வரி கேட்பேன், நிறுத்துவேன், எழுதுவேன். நாலு நிமிஷத்தை எழுத நாலு நாள் ஆயிற்று. அன்று மெஷினை அணைக்கச் சொன்னது அவர்தான். "அந்தச் சத்தம் வந்தா அவன் கண்டுபிடிச்சிருவான்" என்றார். நான் பக்கத்திலேயே குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு தடவையும் ஒன்றிரண்டு நிமிஷம் பேசுவார், பிறகு மாட்டிவிடுவேன். அவர் சொன்னது இது.

"எலே மாரி." கொஞ்சம் சத்தமாக. மைக்குக்குள் நீ இருக்கிற மாதிரி. பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. நாற்காலி கிறீச்சிடுகிறது.

"நான் அப்பா பேசுதேன்." இது மெதுவாக. "சுகமா இருக்கியா?" மூச்சு வாங்குகிறார். நீ பதில் சொல்வதற்கு விடுகிற மாதிரியும் இருக்கிறது.

"உங்கம்மா போன அன்னைக்கு... நான் வாசல்ல நின்னு ஒரு வாக்கு சொன்னேன்." இருமுகிறார். மூன்று தடவை. "எனக்கு அன்னைக்குப் புத்தி இல்லல. அவ போயிட்டாளே, யாரையாவது ஏசணும்னு இருந்துச்சு. நீ முன்னால வந்து நின்ன." இந்த இடத்தில் குரல் உடைகிறது. அழவில்லை. தண்ணீர் கேட்கிறார், நான் கொடுக்கிறேன், டம்ளர் பல்லில் படுகிற சத்தம்.

"அந்த வாக்கு வேண்டாம்டா. நான் எடுத்துக்கிட்டேன். கேட்டியா? உன் காதுக்கு ஒண்ணும் வராது. நீ நல்லாக் கேப்ப. நூறு வயசு வரைக்கும் நீ கேக்கணும்." இதை அண்ணா, அவர் கோபமே இல்லாமல் சொல்கிறார். சின்ன வயதில் நமக்குக் காய்ச்சல் வந்தால் நெற்றியில் கை வைத்து ஒன்று சொல்வாரே, "இப்பப் போயிரும்" என்று. அந்தக் குரல். அந்தக் குரலில்தான் நீ இதை வாசிக்க வேண்டும்.

பிறகு ரொம்ப நேரம் மூச்சு மட்டும். கீழே கிடங்கில் யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள்.

"வரணும்னு இல்ல. தோணினா வா. இல்லாட்டி ரெண்டு வரி எழுது, இவ வாசிச்சுக் காட்டுவா." நிறுத்துகிறார். "உனக்கு மீன்கறி வச்சுத் தர இவளுக்குத் தெரியும். உங்கம்மா மாதிரி வராது." நான் சிரிப்பது கேட்கிறது.

நீ கடைசி வரிகளில் சத்தம் தாழ்ந்துபோகிறது என்று எழுதியிருந்தாய். சரிதான். அங்கே அவர் மைக்கை விட்டு என் பக்கம் திரும்பிவிட்டார். பேசி முடித்தாயிற்று என்று நினைத்து என்னிடம் கேட்கிறார். நான் இன்னும் நிறுத்தவில்லை. அதனால் அதுவும் பதிவாகியிருக்கிறது. ஒரு சொல் விடாமல் எழுதச் சொன்னாய், அதனால் எழுதுகிறேன்.

"இது அவனுக்குக் கேக்குமா மோளே?"

"நல்லாக் கேக்கும்பா" என்று நான் சொல்கிறேன்.

உன் தங்கை,
சங்கரி